வாசகர் கேள்வி – பதில்: வயலில் கேட்ட மாலை மணி

இம்முறை வந்த கடிதங்களுள் காரைக்காலிலிருந்து வந்த ஒன்று, வீட்டில் தொங்கும் ஒரே படத்தைப் பற்றி ஆறு கேள்விகள் கேட்டிருந்தது. ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்றவற்றை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அந்தப் படத்துக்கே கொடுத்திருக்கிறேன். வாசகியின் கடிதம் இது:

“ஐயா, எங்கள் வீட்டுக் கூடத்தில் பொன்முலாம் பூசிய அகலமான சட்டத்துக்குள், கண்ணாடி போட்ட பழைய படம் ஒன்று இருக்கிறது. பூட்டனார் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்தில் வியட்நாமின் சைகோனில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, ஓய்வுபெற்றுத் திரும்பும்போது கொண்டுவந்தது என்பார்கள். அறுவடை முடிந்த வயலில் ஓர் ஆணும் பெண்ணும் தலைகுனிந்து நிற்கிறார்கள். இருவருக்கும் இடையே ஒரு கூடை. பாட்டி இருந்தவரை இதை ‘சாயங்கால மணிப் படம்’ என்றுதான் சொல்லுவார். மூலையில் மில்லே என்று கையெழுத்து இருக்கிறது. இது என்ன படம்? கையால் வரைந்த அசலா? வரைந்தவர் யார்? பழம்பொருள் வாங்க வந்த ஒருவர், இது குழந்தையைப் புதைக்கும் காட்சி, வீட்டில் மாட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மாவுக்கு மனம் சரியில்லை. அவர் சொன்னது உண்மையா? விற்றால் விலை போகுமா, வைத்துக்கொண்டால் எப்படிப் பாதுகாப்பது? ஓரங்களெல்லாம் பழுப்பேறி வருகின்றன. முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்த இரண்டு புகைப்படங்களை அனுப்பியிருக்கிறேன்.”

கேள்வி: இது என்ன படம்?

பதில்: உங்கள் பாட்டி வைத்த பெயர்தான் படத்தின் உண்மையான பெயருக்கு மிக அருகில் இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் இதன் பெயர் ‘லாஞ்செலூஸ்’. நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் மூவேளை செபம் என்கிறார்களே, காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் கோயில் மணி ஒலிக்கும்போது சொல்லும் அந்தச் செபத்தின் பெயரே படத்தின் பெயர். அதில் மாலை மணி கேட்ட நேரம் இது. வேலையை அப்படியே நிறுத்திவிட்டு ஆண் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறான். பெண் இரு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக் குனிந்திருக்கிறாள். அவன் பக்கத்தில் மண்ணில் குத்தி நிறுத்திய முள் மண்வெட்டி, அவள் பின்னால் மூட்டைகள் ஏற்றிய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, நடுவில் கூடை நிறைய உருளைக்கிழங்கு. வலப்பக்கம் அடிவானத்தில் ஊசி முனைபோல் ஒரு கோபுரம் தெரிகிறதா என்று பாருங்கள். மங்கிய அச்சுகளில் அது பல சமயம் காணாமல் போய்விடும். உங்கள் படத்தில் தெரிகிறது.

மூல ஓவியத்தை ழான்-பிரான்சுவா மில்லே 1857-இல் தொடங்கி 1859-இல் முடித்தார். துணியின்மேல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய அது, பாரிஸ் நகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 55.5 செ.மீ., அகலம் 66 செ.மீ. என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும், ஏனென்றால் அந்த இரு உருவங்களும் வானத்தின் எதிரே நிற்கும் நிலை, அதை ஒரு சுவர் அளவு பெரிய ஓவியமாக நம் நினைவில் பதித்துவிடுகிறது.

இதை வரைந்துதரும்படி முதலில் கேட்டவர் தாமஸ் கோல்ட் ஆப்பிள்டன் என்ற அமெரிக்கர், பாஸ்டன் நகரத்துச் செல்வந்தர். அப்போது அதற்கு ‘உருளைக்கிழங்கு விளைச்சலுக்கான செபம்’ என்ற பொருளில்தான் பெயர் இருந்தது. அவர் படத்தைப் பெற்றுக்கொள்ள வரவில்லை. மில்லே பின்னர் அடிவானத்தில் கோபுரத்தைச் சேர்த்து, பெயரையும் மாற்றினார். விரல் நுனி அளவுகூட இல்லாத அந்தக் கோபுரம் சேர்ந்ததும் படத்துக்குள் ஓர் ஓசை வந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். அதற்கு முன் விளைச்சலுக்காகக் கடவுளிடம் வேண்டி நின்ற இருவர், அதற்குப் பிறகு தொலைவில் மணி ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இருவர் ஆனார்கள்.

கேள்வி: இது கையால் வரைந்த அசலா?

பதில்: அல்ல. நீங்கள் அனுப்பிய முன்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது தாளில் அச்சிட்ட படம். மூலையில் இருக்கும் கையெழுத்தும் மூலத்தில் இருந்ததே அச்சில் வந்தது. கையெழுத்தைக் கண்டு அசல் என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம் என்பதால், மற்ற வாசகர்களுக்கும் பயன்படும்படி, வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் வழியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நகைக்கடைக்காரரோ கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரோ கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். வானத்தின் வெளிர் நிறப் பகுதியில் அதை வைத்துப் பாருங்கள். ஒரே ஒழுங்கில் வரிசை வரிசையாக, பூப்போல் கூடிய சிறு புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் முதலிய பிற்கால இயந்திர அச்சு. புள்ளிகள் ஒழுங்கின்றி, சில இடத்தில் நெருங்கியும் சில இடத்தில் விலகியும், ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் ஏறியும் தெரிந்தால் அது கல்லச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து அச்சிடும் அந்த முறையில், அச்சுக்குப் பிறகு வார்னிஷ் பூசித் துணி நெசவுபோல் தோன்றும்படி அழுத்திவிட்டால் அதை ஒலியோகிராஃப் என்பார்கள். ரவிவர்மா படங்கள் நம் பூசை அறைகளுக்கு வந்தது இந்த வழியில்தான். வண்ணமே இல்லாமல், மெல்லிய கோடுகளின் பின்னலாலேயே நிழலும் வெளிச்சமும் உருவாகி, படத்தைச் சுற்றித் தாளில் செப்புத்தகடு அழுத்திய பள்ளம் இருந்தால் அது தகட்டில் செதுக்கி எடுத்த அச்சு. இந்த ஓவியத்தையே சார்ல் வால்ட்னர் என்ற கைதேர்ந்த செதுக்கோவியர் அவ்வாறு தகட்டில் எடுத்திருக்கிறார். எண்ணெய் ஓவியத்தில் இவை எதுவும் இராது. தூரிகை இழுத்த தடமும், வண்ணம் தடித்த இடங்களும், வயதானதென்றால் சேற்று நிலம் காய்ந்ததுபோல் நுண்ணிய வெடிப்புகளும் தெரியும்.

உங்கள் படத்தில் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கின்றன, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. ஆகவே கல்லச்சு என்றே கருதுகிறேன். ஆனால் “வெறும் அச்சுதானா” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ இளம் வயதில் கலைப்பொருள் வணிகம் செய்த கூப்பில் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1874-இல் தம்பி தேயோவுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் படத்தைக் கவிதை என்றே போற்றினார். 1880-இல் தாமே ஓவியம் கற்கத் தொடங்கியபோது இதைப் பார்த்துப் பென்சிலால் வரைந்து பழகினார். பின்னர் சான்-ரெமியில் மனநோய் மருத்துவமனையில் இருந்த காலத்தில் மில்லேயின் படங்களை அடியொற்றி இருபது ஓவியங்கள் அளவில் தீட்டினார். அவற்றுக்கு அவர் கண்முன் இருந்தவை மூல ஓவியங்கள் அல்ல. கறுப்பு வெள்ளை அச்சுகள். வான்கோவுக்குப் போதுமானதாக இருந்த ஒன்று நம் கூடத்துக்குப் போதாது என்று சொல்ல முடியுமா?

கேள்வி: வரைந்தவர் யார்?

பதில்: மில்லே 1814-ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்று, நார்மண்டிக் கடற்கரையில் செர்பூர் நகரத்துக்கு மேற்கே உள்ள குரூஷி என்ற சிற்றூரில் பிறந்தார். பரம்பரையாக உழுது வாழ்ந்த குடும்பம். அவர் மூத்த மகன். ஓவியராவதற்கு முன் உழவு, விதைப்பு, கதிரடிப்பு, எரு இடுதல் எல்லாம் செய்தவர். அதனால்தான் அவர் வரைந்த மனிதர்களின் முதுகு வளைவு பொய்யாகத் தோன்றுவதில்லை. நம் உழவர்கள் பார்த்தால், கருவி வேறு, மண் வேறு என்றாலும், இவன் இன்னும் எத்தனை சால் போடவேண்டியிருக்கிறது என்று கணக்குச் சொல்லிவிடக்கூடிய வளைவு அது.

ஆனால் அவரைப் படிப்பறியாத குடியானவர் என்று நினைத்துவிடக் கூடாது. தாத்தாவின் உடன்பிறந்தார் ஒருவர் குருவானவர். ஊர்க் குருமாரிடம் லத்தீன் கற்று, பழைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் வேளாண் கவிதைகளையும் விவிலியத்தையும் அந்த மொழியிலேயே படித்தார் மில்லே. அவரை வளர்த்தவர்களில் முதன்மையானவர் பாட்டி லூயிஸ் ஜுமலான், பக்தியில் ஊறியவர், அவருக்கு ஞானத்தாயும் அவரே. தாயும் வயலுக்குப் போகும் வீட்டில் பிள்ளைகள் பாட்டி கையில் வளர்வது நமக்குப் புதிதல்ல.

மகனின் கைத்திறனைக் கண்ட தந்தை, 1833-இல் அவரைச் செர்பூருக்கு அழைத்துச் சென்று ஓவியர் ஒருவரிடம் சேர்த்தார். 1835-இல் தந்தை இறந்ததும், மூத்த மகன் என்ற பொறுப்பில் மில்லே ஊருக்குத் திரும்பி ஏரைப் பிடித்தார். அப்போது, நிலம் போனாலும் போகட்டும், தந்தை விரும்பிய வழியில் நீ போ என்று அவரைத் திருப்பி அனுப்பியவர் பாட்டிதான். பிறகு செர்பூர் நகரசபை தந்த உதவித்தொகையோடு 1837-இல் பாரிஸ் நகரத்துக்குச் சென்று, வரலாற்றுக் காட்சிகளை வரைந்து புகழ்பெற்ற போல் தெலாரோஷிடம் பயின்றார். அந்த மாநகரம் அவருக்கு ஒட்டவில்லை. உதவித்தொகை நின்றது, அரசாங்க ஓவியக் கண்காட்சிக்கு அனுப்பிய படம் மறுக்கப்பட்டது, 1841-இல் மணந்த முதல் மனைவி போலின் மூன்றே ஆண்டில் காசநோயால் இறந்தார். பிழைப்புக்காக உருவப்படங்களும் அக்காலச் சந்தை கேட்ட சிங்காரப் படங்களும் வரைந்தார். கத்தரீன் லெமேர் என்ற எளிய பெண்ணோடு புதிய குடும்பம் தொடங்கினார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள்.

திருப்பம் 1848-இல் வந்தது. அந்த ஆண்டுப் புரட்சியில் அரசு மாறியதும், உழைப்பாளியை வரைவதற்குக் கண்காட்சியின் கதவு திறந்தது. முறத்தால் தானியம் புடைக்கும் ஒரு மனிதனை மில்லே வரைந்து காட்டினார்; அரசாங்கம் அவருக்கு ஓவியம் ஒன்று வரைந்துதரும் வேலையும் கொடுத்தது. அந்தப் பணத்தோடு, 1849-இல் பாரிஸில் காலரா பரவியபோது, நண்பர் சார்ல் ழாக் குடும்பத்தோடு சேர்ந்து நகரத்தை விட்டுப் புறப்பட்டு, ஃபோந்தேன்புளோ காட்டின் ஓரத்திலிருந்த பார்பிசோன் சிற்றூருக்கு வந்தார். சில வாரம் தங்கலாம் என்று வந்தவர், போர் நடந்த 1870–71 காலத்தைத் தவிர, சாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். பகலின் ஒரு பாதி தோட்டத்தில், மறு பாதி ஓவிய அறையில் என்று அவர் நாள் கழிந்தது. பக்கத்து வீட்டில் தியோடோர் ரூசோ, மரங்களையும் காட்டையும் வரைந்தவர், உயிர் நண்பர். ரூசோவும் மற்றவர்களும் வெளியில் சென்று கண்முன் இருந்ததைத் தீட்டினார்கள். மில்லே பெரும்பாலும் அறைக்குள் அமர்ந்து நினைவிலிருந்து தீட்டினார். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு அது தேவைப்படும்.

1850-இல் ‘விதைப்பவன்’, 1857-இல் ‘கதிர் பொறுக்குபவர்கள்’ என்று படங்கள் வந்தன. அறுவடை முடிந்த பிறர் நிலத்தில் உதிர்ந்த கதிர்களைக் குனிந்து பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்களைக் கண்டு, பாரிஸின் வசதி படைத்தவர்கள் அஞ்சினார்கள். புரட்சி கண்டு பத்து ஆண்டுகூட ஆகாத காலம். சிலர் மில்லேயைக் கலகக்காரர் என்றார்கள். அவரோ தமக்குத் தெரிந்த வாழ்க்கையைத்தான் வரைந்ததாகச் சொன்னார். எனக்கு அவர் சொன்னதும் உண்மை, அவர்கள் அஞ்சியதும் நியாயம் என்றே படுகிறது, ஏனென்றால் குனிந்த முதுகை அவ்வளவு கண்ணியத்தோடு யாராவது வரைந்துவிட்டால் நிமிர்ந்து நிற்பவர்களுக்கு அது கேள்வியாகத்தான் தெரியும்.

அவர் வறுமையைப் பற்றிப் பல கதைகள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி, நண்பர் ஆல்பிரெட் சென்சியே எழுதி 1881-இல் வெளியான வாழ்க்கை வரலாற்றிலிருந்து வந்தவை. அன்பின் மிகுதியால் அவர் துயரத்தைக் கூட்டி எழுதினார் என்பது ஆய்வாளர் கருத்து. முதல் பத்து ஆண்டுகள் கடினமானவை என்பது மெய். 1860-இல் வணிகர்களோடு செய்த ஒப்பந்தத்தால் மூன்று ஆண்டுகளுக்கு மாதம் 1,000 பிராங்கு வருமானம் கிடைத்தது. 1867 உலகக் கண்காட்சியில் அவருடைய ஒன்பது ஓவியங்கள் இடம்பெற்றன. 1868-இல் பிரெஞ்சு அரசின் லெஜியன் தோனர் என்ற உயர் விருது வந்தது. 1875 ஜனவரி 20 அன்று இறந்தபோது அவர் புகழ்பெற்றவர். உடல், ரூசோவின் கல்லறைக்குப் பக்கத்தில், ஷய்யி-ஆன்-பியேர் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. உங்கள் படத்தின் அடிவானத்தில் தெரியும் கோபுரம் அந்த ஊர்க் கோயிலுடையது.

கேள்வி: குழந்தையைப் புதைக்கும் காட்சி என்று சொல்வது உண்மையா?

பதில்: உங்கள் அம்மாவிடம் முதலில் சொல்லவேண்டியது, உண்மையல்ல என்பதே. கூடையில் இருப்பது உருளைக்கிழங்கு. ஆனால் அந்த வணிகர் இதைத் தாமாகக் கட்டியதாகத் தெரியவில்லை. அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வதோர் தாலி சிறுவனாக இருந்தபோது, அவர் படித்த பள்ளியின் நடைக்கூடத்தில் இந்தப் படத்தின் அச்சு ஒன்று தொங்கியது. வகுப்பில் அமர்ந்த இடத்திலிருந்தே அது தெரியும். இனம்புரியாத ஒரு கலக்கத்தை அது அவர் மனத்தில் ஏற்படுத்தியது. வளர்ந்து பெரிய ஓவியரான பிறகும் அந்த இரு உருவங்கள் அவரை விடவில்லை; தம் ஓவியங்களில் மீண்டும் மீண்டும் அவற்றைக் கொண்டுவந்தார், 1930-களில் எழுதி 1963-இல் வெளியான ஒரு முழு நூலையே இதற்காக எழுதினார். இவர்கள் செபம் செய்யவில்லை, இறந்த பிள்ளைக்காக அழுகிறார்கள் என்பது அவர் நம்பிக்கை. அவர் வற்புறுத்தியதால் லூவ்ர் அருங்காட்சியகம் ஓவியத்தை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தது. இருவருக்கும் இடையே, வண்ணத்தின் அடியில், பெட்டி போன்ற ஒரு வடிவம் தென்பட்டது. தாலிக்கு அது சவப்பெட்டி. ஆனால் ஓவியர்கள் வரைந்துகொண்டே மாற்றுவதும், பழைய வடிவத்தின்மேல் புதியதைத் தீட்டுவதும் அன்றாடம் நடப்பவை; அந்த வடிவம் சவப்பெட்டி என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

இருந்தாலும், தாலி உணர்ந்த துயரம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 1865-இல் எழுதிய கடிதம் ஒன்றில் மில்லேயே இந்த ஓவியம் எப்படித் தோன்றியது என்று விளக்கியிருக்கிறார்: சிறுவயதில் வயலில் வேலை செய்துகொண்டிருக்கும்போது கோயில் மணி கேட்டால், பாட்டி தவறாமல் எல்லோரையும் வேலையை நிறுத்தச் செய்து, தொப்பியைக் கையில் எடுக்கவைத்து, இறந்துபோன ஏழை ஆன்மாக்களுக்காக அந்தச் செபத்தைச் சொல்லவைப்பார், அந்த நினைவுதான் இப்படம். ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஏரை விடுவித்துத் தூரிகையைக் கையில் கொடுத்த அந்தப் பாட்டி 1851-இல் இறந்தார். தாய் 1853-இல் இறந்தார். பார்பிசோனில் கைக்குழந்தைகளோடும் கடனோடும் இருந்த மில்லே, சாவுக்கு முன் அவர்கள் இருவரையுமே மீண்டும் பார்க்கவில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, அறைக்குள் அமர்ந்து, நினைவிலிருந்து, இறந்தவர்களுக்காகச் செபிக்கும் இருவரை வரைகிறார். பாட்டிக்கு அவர் செலுத்திய கடைசி மரியாதை இது என்றே நான் படிக்கிறேன். படத்தில் துக்கம் இருக்கிறது. ஆனால் அது உங்கள் பாட்டி மாலை மணி கேட்டதும் முன்னோரை நினைத்து நின்றாரே, அந்தத் துக்கம். அதை வீட்டில் மாட்டக்கூடாது என்று எந்தச் சாத்திரம் சொல்லும்? அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: விற்றால் விலை போகுமா?

பதில்: பெரிதாகப் போகாது. மிக அதிகமாக அச்சிடப்பட்ட படங்களில் இதுவும் ஒன்று. அஞ்சலட்டை, நாட்காட்டி, பீங்கான் தட்டு என்று எதில்தான் வரவில்லை! உங்களிடம் இருப்பதில் சட்டத்துக்குத்தான் படத்தைவிட விலை அதிகம் கிடைக்கக்கூடும், வணிகர் சொன்ன கதைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். இன்னொன்று: நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடங்கொடுப்பதில்லை, அங்கே அனுப்பி நல்ல விலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

மூல ஓவியத்தின் விலைக்கதை வேறு. 1860-இல் அது 1,000 பிராங்குக்குக் கைமாறியது. பிறகு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகப்போக விலை ஏறி, 1889-இல் பாரிஸில் செக்ரெத்தான் என்ற செம்பு வணிகரின் சேகரிப்பு ஏலம் போனபோது 5,53,000 பிராங்கைத் தொட்டது. பிரான்சுக்காக அதை ஏலம் கேட்டவர் முன்னாள் அமைச்சர் அந்தோனேன் புரூஸ்த். வென்றபோது கூடத்தில் ஆரவாரம் எழுந்தது. ஆனால் அரசு பணம் ஒதுக்க முன்வராததால் போட்டியிட்ட அமெரிக்க அமைப்பு ஓவியத்தைக் கொண்டுபோய், ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தது. அடுத்த ஆண்டு, பாரிஸில் பெரிய பல்பொருள் அங்காடி நடத்திய ஆல்பிரெட் ஷோஷார் ஏழு லட்சம் பிராங்குக்கு மேல் கொடுத்து அதை மீட்டுவந்தார். 1909-இல் அவர் இறந்தபின், உயில்படி அது லூவ்ருக்கு வந்தது. 1932-இல் மனநிலை பிறழ்ந்த ஒருவர் அதைக் கத்தியால் கிழித்தார். பின்னர் செப்பனிடப்பட்ட அந்த ஓவியம் 1986 முதல் ஓர்சேயில் இருக்கிறது.

இத்தனை லட்சங்களில் ஒரு காசுகூட மில்லேயின் குடும்பத்துக்குப் போகவில்லை. 1889 ஏலத்தின்போது அவர் மனைவி கத்தரீன் உயிரோடு இருந்தார். இந்த அநியாயம் பிரான்சில் பெரும் பேச்சாகி, ஓவியம் மறுபடி விற்கப்படும் ஒவ்வொரு முறையும் வரைந்தவருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு சேரவேண்டும் என்ற சட்டம் 1920-இல் வருவதற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. உலகில் அத்தகைய முதல் சட்டம் அது. இந்தியாவிலும் 1994-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, 53அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது: மூல ஓவியமோ சிற்பமோ கையெழுத்துப்படியோ 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் படைத்தவருக்கு அதில் பங்கு உண்டு, பத்து விழுக்காட்டுக்கு மிகாமல். நம் ஓவியர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. இந்தப் பிரிவை ஓவியக் கல்லூரிகளில் முதலாண்டிலேயே சொல்லிக்கொடுக்கவேண்டும்.

கேள்வி: எப்படிப் பாதுகாப்பது?

பதில்: பின்பக்கப் புகைப்படத்தைப் பார்த்தபோது எனக்குக் கவலை வந்தது. படத்துக்குப் பின்னால் நேரடியாக மரப்பலகை வைத்து ஆணியடித்திருக்கிறார்கள். மரத்திலிருந்து கசியும் அமிலந்தான் ஓரங்களைப் பழுப்பாக்குகிறது. பலகையின் இணைப்பு ஓடும் இடத்தில் படத்தின் முன்பக்கத்திலும் ஒரு பழுப்புக் கோடு தெரிவதைக் கவனியுங்கள். கடற்கரை ஊரின் ஈரக்காற்று மிச்சத்தைச் செய்கிறது: சிறு செம்புள்ளிகள் பூஞ்சையால் வந்தவை, ஓரத்தில் அரித்த தடம் இராமபாணப் பூச்சியுடையது.

நல்ல பழக்கமுள்ள சட்டக் கடைக்காரரிடம் கொடுத்து, பலகையை எடுத்துவிட்டு அமிலமற்ற அட்டையைப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் அதே அட்டையால் விளிம்பு வரவேண்டும். ஒட்டிக்கொண்டால் ஈரம் சேர்ந்து, பிரிக்கும்போது வண்ணம் கண்ணாடியோடு போய்விடும். ஏற்கெனவே எங்காவது ஒட்டியிருந்தால் பிரிக்க முயலவேண்டாம். பசை, செலோடேப், லேமினேஷன் மூன்றும் கூடவே கூடாது. ரொட்டித்துண்டால் தேய்ப்பது, உருளைக்கிழங்கு வெட்டித் துடைப்பது போன்ற கைவைத்தியங்களை யார் சொன்னாலும் கேட்கவேண்டாம். செம்புள்ளிகளை நீக்குவது பயிற்சி பெற்றவர் வேலை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் பாதுகாப்பு ஆய்வகம் ஒன்று இயங்குகிறது, அங்கே விசாரித்தால் தகுந்தவரைச் சொல்லக்கூடும். பழைய சட்டத்தை மாற்றவேண்டாம். மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும், ஈரத்துணி பட்டால் பொன்முலாமும் அதன் கீழ் உள்ள சுண்ணப்பூச்சும் கரைந்துவிடும். வெயில் படாத உட்சுவரில், சட்டத்தின் கீழ்முனைகள் இரண்டிலும் தக்கைத்துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று நடமாடும்படி மாட்டுங்கள்.

பழைய பலகையை எறிந்துவிடாதீர்கள். அதன் கீழ்மூலையில் கிழிந்த சீட்டு ஒன்று ஒட்டியிருப்பது புகைப்படத்தில் தெரிகிறது. கடைப்பெயரோ ஊர்ப்பெயரோ இருந்தால் உங்கள் பூட்டனார் இதை எங்கே வாங்கினார் என்பதற்கு அது ஒன்றே சாட்சி. அந்தப் பகுதியைப் படம் எடுத்து, பலகையோடு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பூட்டனார் பெயர், சைகோனில் அவர் இருந்த ஆண்டுகள், பாட்டி இந்தப் படத்துக்கு வைத்திருந்த பெயர் இவற்றை அமிலமற்ற தாளில் பென்சிலால் எழுதி, ஓர் உறையிலிட்டு, புதிய பின்னட்டையின் வெளிப்புறத்தில் இணைத்துவிடுங்கள். மை காலப்போக்கில் ஊறும், பென்சில் நிற்கும்.